குத்தியவன் கொடுத்தது

கத்தி உள்ளே போனபோது பவுலின் வாயில் சோறு இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாதவன்போல ஒரு கணம் தன் மச்சினன் மெல்வினையே பார்த்தான். பிறகு விழுங்கினான். அவன் தொண்டை ஏறி இறங்கியதைக் குசினி வாசலில் சுவரோடு சாய்ந்து கிடந்த ஹில்டா பார்த்தாள். அதற்கு அப்புறம்தான் அவன் குனிந்து, தன் வயிற்றில் மீன் அறுக்கும் கத்தியின் மரப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டான்.

குழம்பில் புளி தூக்கல். அவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் மேலோடு உட்கார்ந்து ஒரு வாய் வைத்தவன் எழுந்து குசினிக்கு வந்தான். ஹில்டாவின் இடது காதோடு சேர்த்து அறைந்தான். விழுந்தவளின் இடுப்பில் மிதித்தான். பிறகு திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்து அதே குழம்பைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அடிப்பது அப்படித்தான். நடுவில் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வருவது போல. அக்காவுக்கென்று ஊளி மீன் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மெல்வின் வாசலேறிய நேரம் அதுதான்.

“என்னக்கா, காதுல ரத்தம்?”

ஹில்டா சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டாள். பவுல்தான் தலை நிமிராமல் சொன்னான்.

“வா மச்சான். உக்காரு. ஒரு வாய் சாப்பிடு.”

மெல்வின் மீனைத் தரையில் போட்டான். அறுப்புப் பலகையில் இருந்த கத்தியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் பவுலின் குடலைத் தைத்தார்கள். உள்ளே சீழ் வைத்துவிடும் என்று பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். மெல்வினைப் போலீஸ் பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோனது. காயம் ஆறியது, ஆளுக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததும் மெல்வினை ஜாமீனில் விட்டார்கள். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், பவுல் இருக்கும் பக்கம் தலைகாட்டக் கூடாது. எல்லாம் இப்படி ஓர் ஓரமாக ஒதுங்கிய நேரத்தில்தான் பவுலுக்கு வயிறு போக ஆரம்பித்தது.

முதலில் யாரும் பயப்படவில்லை. பிறகு அது நிற்கவே இல்லை. காலையிலும் மாலையிலும் தண்ணீராக, பச்சையாக, சில வேளை ரத்தம் கலந்து போனது. அந்த வாடை கெட்டுப்போன கருவாட்டைப் போலவும் இல்லை, துறைமுகச் சாக்கடையைப் போலவும் இல்லை. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த ஹில்டாவுக்கே அதற்கு ஒரு பேர் தெரியவில்லை. விசைப்படகின் சக்கரத்தை ஒற்றைக் கையால் திருப்பிய மனிதனை அவள் ஒரு பக்கமாக உருட்டி, துடைத்து, துணி மாற்றி, மறுபக்கம் உருட்டினாள். அறைந்த அந்தக் கை கட்டிலின் விளிம்பில் தொங்கிக் கிடந்தது. மணிக்கட்டில் எலும்பு தெரிந்தது. துடைக்கும்போதெல்லாம் அந்தக் கையையும் சேர்த்துத் துடைத்தாள். துடைத்து முடித்து நிமிர்ந்தால் இடது காதுக்குள் விசில் அடித்தது. அன்றைக்கு அறை விழுந்ததிலிருந்து அந்தக் காதில் விசிலைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை.

வயிற்று டாக்டரின் பெயர் ஜெப்ஸி. நாசரேத்துக்காரி, சின்ன வயசு. அவள் இடது பக்கம் நின்று பேசியதால் ஹில்டா உடம்பையே திருப்பி வலது காதைக் கொடுத்தாள்.

“நம்ம குடலுக்குள்ள கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க இருக்கும்க்கா. சாப்பாட்டைச் செரிக்க வைக்கிறது, கெட்டது வந்து உக்காராம எடத்தை அடைச்சு நிக்கிறது எல்லாம் அதுங்கதான். காயத்துக்குக் குடுத்த மருந்துல கெட்டதோட நல்லதும் செத்துப்போச்சு. மருந்து குடுக்காம இருக்கவும் முடியாது, அப்பவே போயிருப்பாரு. இப்ப மருந்துக்குச் சாகாத ஒரு கிருமி மட்டும் உள்ள தனியா உக்காந்துகிட்டு ஆடுது. அதை அடக்க மருந்து குடுத்தா அடங்குது, நிறுத்தினா திரும்ப எந்திரிக்குது. இதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் நிறைய சாப்பிட்டிருக்காரா?”

“செட்டு மாத்திரையா டாக்டர்? எங்க தெருவுல எல்லாரும் சாப்பிடுவோம்.”

மெடிக்கலில் போய் ஒரு செட்டு கொடுங்க என்றால் போதும். காய்ச்சலா, பல் வலியா, கால் வீக்கமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சிவப்பும் கறுப்புமான குப்பி மாத்திரை ஒன்று, வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று என்று துண்டுக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். பவுல் தன் லாஞ்சில் ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தான். தும்மியவனுக்கும் கொடுப்பான், தும்மாதவனுக்கும் கொடுப்பான். கடலுக்குள் போய் எவனும் படுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் புறப்படும்போதே முன்கூட்டி ஆளுக்கொன்று. பவுல் முதலில் தான் போட்டுக்கொள்வான்.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு அடுத்ததைச் சொன்னாள். நல்ல உடம்புக்காரர் ஒருவரின் மலத்தை எடுத்து, சோதித்து, கரைத்து, வடிகட்டி, பின்வழியாகக் குழாய் விட்டு பவுலின் குடலுக்குள் வைக்க வேண்டும். அதில் இருக்கும் நல்ல கிருமிகள் உள்ளே குடியேறிப் பெருகி, கெட்டதை விரட்டும்.

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“சிரிக்காதீங்கக்கா. இது இல்லன்னா அவரு தாங்க மாட்டாரு.”

வெளியே பெஞ்சில் இருந்த மாமியார் கிளாடிஸிடம் அவள் இதை வேறு மாதிரி சொன்னாள்.

“இரட்டைமடி வலை போட்டு அடி மண்ணு வரைக்கும் வாரினா அப்புறம் அங்கன என்ன மாமி இருக்கும்? மீனும் இருக்காது, பாசியும் இருக்காது. சொறிமீன்தான் வந்து மொய்க்கும். உங்க மகன் வயிறு அப்படித்தான் கெடக்காம். வேற எடத்துல இருந்து குஞ்சு கொண்டாந்து விடணுமாம்.”

“என்ன குஞ்சு?”

சொன்னாள். கிளாடிஸ் ஜெபமாலையை மடியில் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “உன் தம்பிக்காரன் பண்ணின வேலையில எம்புள்ளை பீ திங்கணும்னு எழுதியிருக்கு!”

“திங்க வேண்டாம் மாமி. பின்னால.”

“வாய மூடுளா!”

மூன்று மாதமாக மருந்து மாத்திரை தொடாத ஆளாகத் தேடினார்கள். கிளாடிஸுக்குச் சர்க்கரை, வயசும் அதிகம். ஹில்டா பல்வலிக்குப் போன மாதம்தான் செட்டு மாத்திரை சாப்பிட்டிருந்தாள். புன்னைக்காயலில் வாழ்க்கைப்பட்ட மகள் ஸ்டெபிக்கு ஆப்பரேஷன் செய்து பிள்ளை எடுத்து, தையல் காயவில்லை, மருந்து ஓடிக்கொண்டிருந்தது. பவுலின் தம்பி செல்வதுரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, “எங்கண்ணனுக்கு உசுரையே குடுப்பேன், இதைக் குடுக்க மாட்டேனா” என்று சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அவனும் லாஞ்சுக்காரன்தான். டின் மாத்திரை விழுங்கியவன்தான். லாஞ்சு ஆட்கள் யாரைக் கேட்டாலும் அதுவே.

“மூணு மாசமா மாத்திரை சாப்பிடாத ஒரு ஆளு இந்தத் தெருவுல கிடையவே கிடையாதா?” என்று டாக்டர் எரிந்து விழுந்தாள்.

ஒரு ஆள் இருந்தான். ஹில்டாவுக்கு அது முதல் நாளே தெரியும். சின்ன வயதில் மெல்வினுக்குக் காய்ச்சலென்று ஊசி போட்டதும் முகம் பேத்தை மீனைப் போல வீங்கி, மூச்சடைத்து, செத்துப் பிழைத்தான். அன்றிலிருந்து ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. காய்ச்சல் வந்தால் போர்த்திப் படுத்துக்கொள்வான். சங்கு குளிக்கப் போகிறவன், மூச்சடக்கி அடித்தரை வரைக்கும் இறங்குகிறவன், ஒரு வெள்ளை மாத்திரையைக் கண்டால் எழுந்து ஓடுவான். அவள் அதைச் சொல்லாமல் இருந்தாள். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டிலில் கிடந்த உடம்பு ஒவ்வொரு நாளும் காட்டிக்கொண்டிருந்தது. அவள் யாரையும் கொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்த யோசனை ருசியாகத்தான் இருந்தது. துணி அலசும்போதும், தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும்போதும் அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

ஆனால் அந்த யோசனை போய் முடிகிற இடத்தில் மெல்வின் நின்றான். பவுல் பிழைத்தால் கொலை முயற்சி. செத்தால் கொலை.

திரேஸ்புரத்தில் அவன் தனியாக இருந்த ஓட்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மெல்வின் காறித் துப்பினான்.

“அவனைப் பொழைக்க வைக்கவா குத்தினேன்? சாவட்டும்க்கா.”

“செத்தா நீ உள்ள போயிருவ.”

“போறேன். நீ நிம்மதியா இருப்பல்லா?”

“எனக்காவ ஜெயிலுக்குப் போறேன்னு எவன்லே உன்னைக் கேட்டான்?”

“பொழச்சு வந்தா திரும்ப அடிப்பான்.”

“அடிப்பான்.”

“அப்புறம் எதுக்குக்கா?”

சுவரில் அவன் காலில் மாட்டி நீந்தும் ரப்பர்த் துடுப்பு தொங்கியது. அதை எடுத்து முதுகில் ஓங்கி அடித்தாள். அவன் தடுக்கவில்லை. தோளில், கையில், முழங்காலில் அடித்தாள். ரப்பர் படும் இடமெல்லாம் பட்டை பட்டையாகச் சிவந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். மூச்சு வாங்கித் துடுப்பைக் கீழே போட்டபோது மெல்வின் அழுதுகொண்டிருந்தான். அவளும்தான்.

“நீயும் அவனை மாதிரியே அடிக்கக்கா,” என்றான்.

ஹில்டா தன் கையைப் பார்த்தாள். பிறகு அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு ரத்தம் எடுக்க வருவாங்க. வாசல்ல நில்லு.”

பவுலிடம் சம்மதம் வாங்குவது அதைவிடக் கடினமாக இருக்கும் என்று நினைத்தாள். குரலே வெளிவராமல் கிடந்தவன், டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் கண்ணைத் திறந்தான்.

“எவன் பீ?”

“செல்வதுரை குடுத்திருக்கான்.” அது பொய்யில்லை. கொடுத்திருந்தான். சோதித்துக் கொட்டியும் விட்டார்கள்.

“அவன்னா சரி. நம்ம ரத்தம்.” சற்று நேரம் மூச்சு வாங்கினான். “வேற எவனோடதாவது வச்சேன்னா, வயித்தைக் கிழிச்சு எடுத்து உன் மூஞ்சிலேயே எறிவேன்.”

அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

“ஏளா. உன் தம்பியை வெளிய விட்டிருக்கானுவளாமே?”

“ம்.”

“எந்திரிக்கேன். எந்திரிச்சு மொத வேலை அவன்தான்.” உதடு வெடித்திருந்தது. நாக்கால் தடவிக்கொண்டான். “ரெண்டாவது நீ.”

தண்ணீர் கேட்டான். கரண்டியால் கொடுத்தாள். விழுங்கினான். அதே தொண்டை, அதே போல ஏறி இறங்கியது.

சோதனை முடிவு வந்த அன்று டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று சோதனை முடிவு, மற்றது கத்திக்குத்து பற்றிப் போலீஸுக்கு எழுதின தாள்.

“மெல்வின்னு போட்டிருக்கு. இவரு... குத்தினவருதானே?”

“அவன்தான்.”

டாக்டர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். “குடுக்கிறவங்க பேரை நாங்க நோயாளிகிட்ட சொல்றதில்ல,” என்றாள் கடைசியில். “ரத்தமும் சுத்தம், மலமும் சுத்தம். இந்த ஊருல நான் பாத்ததுலயே நல்ல குடல் இதுதான். நாளைக்குக் காலையில புதுசா வேணும். அவரு இங்க வரக் கூடாது. நீங்க கொண்டாங்க.”

மறுநாள் மெல்வின் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஹில்டா வெளியே டாக்டர் கொடுத்த டப்பாவின் மூடியோடு நின்றாள். கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாயிற்று. நாட்டு வாழைப்பழம் கொடுத்தாயிற்று. உள்ளே சத்தமே இல்லை.

“ஏலே, என்ன?”

“வரலக்கா.”

“தினமும் வருதுல்லா?”

“தினமும் நீ வாசல்ல நிக்கியா?”

கொஞ்சம் தள்ளி நின்றாள். வெயில் ஏறியது. அவன் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஏலே, ஒரு ஆளைக் குத்த உனக்கு ஒரு நிமிசம் ஆகல. இதுக்கு இம்புட்டு நேரமா?”

உள்ளே இருந்து முதலில் ஒரு முனகல் வந்தது. பிறகு அது சிரிப்பாயிற்று. மெல்வின் சிரிக்கச் சிரிக்க ஹில்டாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் காரியம் நடந்தது. டப்பாவைத் துவாலையில் சுற்றி நீட்டும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா, இது உள்ள போயிட்டா அப்புறம் வெளிய வராதா?”

“அங்கனயே குடியிருக்குமாம்.”

“எவ்வளவு நாளு?”

“அவரு இருக்க வரைக்கும்னு நெனைக்கேன்.”

மெல்வின் சட்டைப் பொத்தானைத் தவறாகப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான்.

ஆஸ்பத்திரி நடையில் கிளாடிஸ் மறித்தாள். “பையில என்னளா?”

“மருந்து மாமி.”

“எங்கன வாங்கின?”

“எங்க வீட்டுல இருந்து.”

“உங்க வீட்டுல இருந்து வந்ததெல்லாம் எம்புள்ளைக்கு எமன்தான்,” என்று கிளாடிஸ் அந்தப் பையின் மேல் சிலுவை போட்டாள். ஹில்டா அதைத் தடுக்கவில்லை.

அந்த வாரத்திலேயே பவுலுக்கு வயிற்றுப்போக்கு நின்றது. அடுத்த வாரம் கஞ்சி கேட்டான். அதற்கப்புறம் மீன் கேட்டான். கிளாடிஸ் மாதா கோயிலில் தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வைத்தாள். செல்வதுரை டீக்கடையில் நின்று, “எங்கண்ணன் வயித்துல இப்ப நான்தான் இருக்கேன்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். யாரோ அவனுக்கு வயிற்றுப்பிள்ளை என்று பட்டம் வைத்தார்கள். அவன் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த பவுல் முதலில் சுவரைப் பிடித்து நடந்தான். பிறகு பிடிக்காமல் நடந்தான். மணிக்கட்டு எலும்பை மூடிக்கொண்டு சதை வைத்தது. ஹில்டா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளை தழைப்பதைப் போல ஒவ்வொரு நாளும் அது பருத்தது. தெருவில் உட்கார்ந்து லாஞ்சுக்காரர்களோடு பேசத் தொடங்கினான். மெல்வின் எந்த நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிறான், எந்தச் சந்து வழியாகத் திரும்புகிறான் என்று கேட்டானாம். செல்வதுரை வந்து அதைக் கிளாடிஸிடம் சொன்னபோது ஹில்டா குசினியில் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வலது காதில் விழுந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பவுல் பூசைக்குப் போய் வந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி அதே ஆணியில் மாட்டினான். தொப்புளுக்குப் பக்கத்தில் தழும்பு பளபளப்பாக, கொழுத்த மண்புழுவைப் போலக் கிடந்தது. உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்தான்.

“இதுல உப்பு போட்டியா இல்லையா?”

எழுந்தான். குசினிக்கு வந்தான். கை உயர்ந்தது. ஹில்டா விலகவில்லை. அறுப்புப் பலகையின் பக்கமாக மட்டும் பார்த்தாள். போலீஸ் கொண்டுபோன கத்திக்குப் பதிலாக வாங்கின புதுக் கத்தி அங்கே இருந்தது.

“அடிக்கதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கிடுங்க. உங்க வயித்துல இருக்கது செல்வதுரையோடது இல்ல.”

“என்னது?”

“அவன் டின் மாத்திரை தின்னவன். அவன்து ஆவாதுன்னு டாக்டர் கொட்டிட்டாங்க. உங்களுக்கு வச்சது மெல்வினோடது.”

உயர்ந்த கை அங்கேயே நின்றது. அவன் வாயில் சோறு இருந்தது.

“பொய் சொல்லுத.”

“நான்தான் கொண்டாந்தேன். உங்க அம்மா சிலுவை போட்டு அனுப்பினாவ. எடுத்து என் மூஞ்சில எறியணும்னா எறியுங்க. கத்தி அங்கனதான் இருக்கு. அவன் போனா பழையபடி தண்ணியாத்தான் போகும், தெரியும்லா? இருக்கணும்னா அவனை வச்சுக்கிட்டுத்தான் இருக்கணும். சந்துல போயி அவனைக் குத்தினாலும் பாதிதான் சாவான். மீதி இங்கன இருப்பான்.”

அவளுக்குச் சுவரோடு சாய்ந்துகொள்ளலாம் போல இருந்தது, சாயவில்லை. பவுலின் முகத்தில் ரத்தம் ஏறி, கழுத்து நரம்பு புடைத்தது. மேலே நின்ற கை அடிக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. மற்றக் கை தானாகப் போய்த் தழும்பை மூடிக்கொண்டது. வாயிலிருந்த சோற்றைத் துப்ப இடம் தேடுகிறவன்போல இங்கும் அங்கும் பார்த்தான். பிறகு விழுங்கினான்.

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அதன் சத்தம் தேய்ந்து மறைந்ததும், அவன் கைக்கு அடியில், வயிற்றின் அடி ஆழத்தில் ஏதோ உருண்டது. நீளமாக, நிதானமாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டு போனது. பவுல் அசையாமல் நின்றான். ஹில்டா தலையைச் சாய்த்து, பக்கத்து அறையில் இருப்பவரின் பேச்சைக் கேட்பவளைப் போல, வலது காதை அந்தப் பக்கமாகக் கொடுத்தாள்.